விசையளவில் அந்தரும் நியூற்றனும்

நெல்லையும் வெங்காயத்தையும் நிறுத்து விற்கும் விடயத்தில் எமது கமக்காரருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்பதையும், அஃது ஏறக்குறைய 21 கிலோகிராம் என்பதையும் அவர்கள் மனக்கணக்காகவே கூறிவிடுவர். இலங்கையில் 1970களில் மெற்றிக் முறை புகுத்தப்பட்டபோது சந்தைத் தராசுகள் மாறின. சில ஆண்டுகளிற் கணக்கும் பழகிவிட்டது. ஆனால் சந்தைத் தராசில் ஏறாத ஓர் அளவு உண்டு. அதுவே விசை. கயிறு தாங்கும் விசை, எருது இழுக்கும் விசை, குழாயினுள் நீர் அமுக்கும் விசை, சில்லின் நட்டை இறுக்கும் விசை ஆகியவற்றைப் பொறுத்தமட்டிற் பழைய அளவும் புதிய அளவும் இன்றும் ஒரே கொட்டிலில் அருகருகே கிடக்கின்றன. பழைய பிரித்தானிய உழவு இயந்திரத்தின் கைந்நூல் இறாத்தலிற் பேசுகின்றது. பழைய யப்பானிய இயந்திரத்தின் நூல் கிலோகிராமிற் பேசுகின்றது. இன்று கடையில் வாங்கும் கயிற்றின் உறையிலோ கிலோநியூற்றன் என்று அச்சிடப்பட்டிருக்கின்றது.

இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங் கணக்குப் பொறியியலாளருக்கே உரியது, கமக்காரருக்கு வேண்டாதது என்று எம்மவர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலரோ, நியூற்றன் ஒன்றையே கற்பித்து, இறாத்தலையும் அந்தரையும் மக்கள் மறந்துவிடும்படி செய்ய வேண்டும் என்கின்றனர். இவ்விரு கருத்துக்களும் எனக்கு உடன்பாடானவையல்ல. முன்னைய கருத்தினால் உயிருக்கே தீங்கு நேரக்கூடும். அதனைக் கீழே காட்டுவேன். பின்னைய கருத்தைக் கூறுவோர், இயந்திரங்களின் ஆயுள் சட்டங்களின் ஆயுளுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை மறந்துவிடுகின்றனர். தந்தை வாங்கிய உழவு இயந்திரத்தை மகன் ஓட்டுகின்றார். அதன் கைந்நூலில் உள்ள இறாத்தலை மறக்கும்படி அவருக்கு எவ்வாறு சொல்வது?

விசை என்பது யாது என்பதைத் தெளிவாக்கிக் கொண்டால் ஏனையவை இலகுவாகும். ஒரு மூடை பசளை நிலத்திற் கிடந்தாலும் வண்டியிற் சென்றாலும் அதன் திணிவு 50 கிலோகிராமே. அதை நேர்மேலாகத் தூக்குவதற்கு வேண்டிய விசை ஒன்று. அதைச் சீமெந்துத் தரையில் இழுத்துச் செல்ல வேண்டிய விசை வேறொன்று. சில்லுப் பூட்டிய தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுவதற்கு வேண்டியது மிகச் சிறியது. அதே வண்டி சேற்றிற் புதைந்துவிட்டால் வேண்டியது மிகப் பெரியது. திணிவு மாறவில்லை, விசையே மாறிற்று. பழங்காலத்தவர் விசைக்கெனத் தனி அலகு வைக்காது, ‘இத்தனை இறாத்தல் பாரத்தைத் தூக்கும் விசை’ என்று நிறையைக்கொண்டே அதனைக் குறித்தனர். மெற்றிக் நாட்டவரும் அவ்வாறே கிலோகிராம் விசை என்றனர். ஒரே பெயர் இரு பொருளுக்கும் ஆயிற்று. குழப்பத்தின் வேர் இதுவே.

இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டே விசைக்கெனத் தனியான அலகொன்று வகுக்கப்பட்டது. ஒரு கிலோகிராம் திணிவின் வேகத்தை ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு ஒரு மீற்றர் வீதம் கூட்டவல்ல விசை ஒரு நியூற்றன் ஆகும். நிறைகள், அளவைகள் பற்றிய அனைத்துலகப் பொது மாநாடு 1948 ஆம் ஆண்டில் இப்பெயரை ஏற்றது. 1960 இல் அனைத்துலக அலகு முறையில் அது இடம்பெற்றது. வரைவிலக்கணம் கடினமாகத் தோன்றினாற் கவலை வேண்டா. ஏறத்தாழ 100 கிராம் நிறையுள்ள ஒரு தக்காளிப் பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது கையை அழுத்தும் விசை ஏறக்குறைய ஒரு நியூற்றன். ஒரு கிலோகிராம் தக்காளியின் நிறை ஏறக்குறைய 10 நியூற்றன். செம்மையான கணக்கில் இது 9.80665 நியூற்றன் என 1901 ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்டது. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவினதன்று. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள எமது நாட்டில் அது 9.78 அளவே ஆகும். ஆயிரத்துக்கு மூன்று பங்கு வித்தியாசத்தை ஆராய்ச்சிசாலைகள் கவனிக்கட்டும். கமத்துக்குப் பத்து என்று கொள்வதே போதும்.

இறாத்தலின் கதை சற்று முட்டானது. 1959 இல் ஆங்கில அளவைகளை வழங்கிய நாடுகள் தம்முள் உடன்பட்டு, ஓர் இறாத்தலை 0.45359237 கிலோகிராம் என்று நிலைநாட்டின. அதன்படி ஓர் இறாத்தல் விசை 4.448 நியூற்றன் ஆகும். இந்த எண்ணை நினைவில் வைப்பது எளிதன்று. ஆயினும் எம்மிடம் அந்தர் என்னும் அளவு இருக்கின்றதே! ஓர் அந்தர் 112 இறாத்தல். 112 ஐ 4.448 ஆற் பெருக்கினால் 498 வரும். ஆகவே ஓர் அந்தர் விசை ஏறக்குறைய 500 நியூற்றன். இரண்டு அந்தர் ஒரு கிலோநியூற்றன். பிழை இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்று 50 கிலோகிராம் பசளை மூடையையே அந்தர் என்று சொல்வோரும் உளர். அதன் நிறையும் 490 நியூற்றன் ஆதலின் எந்த அந்தரைக் கொண்டாலும் இவ்வாய்பாடு பொருந்தும். இவ்வளவு இலகுவான வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது, 4.448 என்று தொடங்கிக் கமக்காரரை மிரட்டுவது ஏனென்று நான் பலமுறை எண்ணியதுண்டு. விவசாயப் பாடசாலையில் எமக்கும் அந்த எண்ணையே மனனஞ் செய்வித்தனர்.

தொன் என்னுஞ் சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஆங்கிலத் தொன் 20 அந்தர், அதாவது 2240 இறாத்தல். மெற்றிக் தொன் 1000 கிலோகிராம். இவ்விரண்டின் நிறையும் ஏறக்குறைய 10 கிலோநியூற்றனே. கமத்தில் இவற்றுக்கிடையே பேதம் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொன்னோ 2000 இறாத்தல் மாத்திரமே. அஃது 9 கிலோநியூற்றனையும் எட்டாது. அந்நாட்டுச் சங்கிலியையோ பாரந்தூக்கியையோ வாங்குவோர் பத்துக்கு ஒன்றைக் கழித்தே மதிப்பிடல் வேண்டும்.

இனி, கயிற்றின் விடயத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எனது பிரிவில் மரக்கறிச் செய்கையாளர் ஒருவர், கிணற்றின் உட்கட்டில் இருந்த நீரிறைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதற்காக மேலே தூக்க எண்ணினார். அதன் நிறை ஏறக்குறைய இரண்டு அந்தர். அவர் வாங்கிய நைலோன் கயிற்றின் உறையில் 2.5 என்ற எண்ணும் அதன்பின் இரண்டு ஆங்கில எழுத்துக்களும் இருந்தன. அவ்வெழுத்துக்கள் கிலோநியூற்றன் என்பதன் சுருக்கம். விற்றவர் அதை இரண்டரைத் தொன் என்று பொருள் கூறினார். இரண்டரைத் தொன் தாங்குங் கயிறு இரண்டு அந்தரைத் தாங்காதா என்று எவரும் ஐயுறவில்லை. உண்மையில் 2.5 கிலோநியூற்றன் ஐந்து அந்தரே. இரண்டரைத் தொன்னிற் பத்திலொரு பங்கு.

‘ஐந்து அந்தர் என்றாலும் இரண்டு அந்தரைத் தாங்கத்தானே வேண்டும்?’ என்று வாசகர் வினவலாம். உறையில் எழுதப்பட்டிருப்பது கயிறு அறும் விசையாகும். நம்பித் தூக்கக்கூடிய விசையன்று. கயிற்றில் முடிச்சுப் போட்டால் அதன் உறுதி ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். கப்பியில் ஏறும்போது பாரம் ஒரு கணம் நின்று உதறினால் கயிற்றிற் படும் விசை பாரத்தின் நிறையிலும் மிகும். கிணற்றுக் கட்டின் விளிம்பில் உராய்ந்தாற் கயிறு மேலும் நலிவடையும். ஆதலினாலேயே அறும் விசையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது விதி. ஆட்கள் கீழே நிற்க வேண்டிய வேலையாயின் அதனிலுங் குறைவாகவே ஏற்ற வேண்டும். அந்தக் கயிற்றுக்கு உரிய பாரம் ஓர் அந்தர் மாத்திரமே. அது பாதி வழியில் அறுந்தது. கிணற்றினுள் இறங்கியிருந்த இளைஞர் சற்று முன்னரே மேலேறியிருந்தமையால் உயிர்ச்சேதம் நிகழவில்லை. இயந்திரம் உடைந்தது, காய்க்கத் தொடங்கியிருந்த மிளகாய்ச் செடிகள் ஒன்பது நாள் நீரின்றி நின்றன. விசையலகு கமக்காரருக்கு வேண்டாத கணக்கு என்போர் அக்கிணற்றடிக்கு ஒருமுறை சென்று வருவது நன்று.

நீரின் அமுக்கமும் விசையே. ஒரு பரப்பின் மேற் பரந்து நிற்கும் விசை. பழைய மானிகள் அதனைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று காட்டும். வேறு சில மானிகள் சதுர சதமமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்று காட்டும். இப்போது வருபவற்றிற் பார் என்றும் கிலோபசுக்கால் என்றும் இருக்கும். சதுர சதமமீற்றருக்கு ஒரு கிலோகிராம் என்பது சதுர அங்குலத்துக்கு 14.2 இறாத்தல், ஒரு பார் என்பது 14.5 இறாத்தல், அதாவது 100 கிலோபசுக்கால். இவ்விரண்டையும் ஒன்றெனவே கொள்ளலாம். இதனை மனதிற் பதிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு சதுர சதமமீற்றர் வாயுள்ள குழாயொன்றைப் பத்து மீற்றர் உயரத்துக்கு நிறுத்தி நீர் நிரப்பினால் அதில் அடங்கும் நீர் ஒரு லீற்றர். அதன் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே பத்து மீற்றர் நீர் உயரம் ஒரு கிலோகிராம் அமுக்கத்தைத் தரும். அடிக்கணக்கிற் சொன்னால், சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் பெற 2.3 அடி உயரம் வேண்டும்.

இது தெரியாமையாற் சொட்டுநீர்ப் பாசனத்தில் நேரும் நட்டத்தைப் பல தோட்டங்களிற் காண்கின்றேன். ஒரு பார் அமுக்கத்துக்கென அமைந்த சொட்டுக் குழாய்களை வாங்கி, நீர்த்தாங்கியைப் பத்தடி உயரத் தூண்களில் ஏற்றி வைக்கின்றனர். பத்தடி உயரம் தருவது நாலேகால் இறாத்தல் அளவே. ஒரு பாரில் மூன்றிலொரு பங்கும் இல்லை. பத்து என்ற எண் எங்கோ காதில் விழுந்திருக்கின்றது. அது மீற்றரா அடியா என்பது விழவில்லை. விளைவு யாதெனில், தாங்கிக்கு அண்மையில் உள்ள வரிசைகள் நனைகின்றன. கடைசி வரிசைகள் வாடுகின்றன. கமக்காரர் வாட்டத்தைக் கண்டு வேரழுகல் என்று ஐயுற்று மருந்து ஊற்றுகின்றார். பின்னர் பசளை போதாதென்று மேலும் இடுகின்றார். செடிக்கு வேண்டியது மருந்துமன்று, பசளையுமன்று. அதற்கு நீர் போய்ச் சேரவில்லை, அவ்வளவே. இதற்குப் பரிகாரமாகத் தாங்கியை முப்பத்துமூன்றடிக்கு உயர்த்தும்படி நான் ஒருபோதுங் கூறேன். அந்தச் செலவில் ஒரு சிறு பம்பி வாங்கிவிடலாம். தாழ்ந்த அமுக்கத்தில் இயங்கும் குழாய்களும் விற்பனைக்கு உண்டு. எதை வாங்கினும், ‘எத்தனை மீற்றர் நீர் உயரம் வேண்டும்?’ என்று கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி விற்பவரைக் கேளுங்கள். சொல்லாற் கூறியது மறக்கப்படும்.

உழவு இயந்திரத்தின் ரயரில் நேரும் பிழை இதனிலுங் கொடியது. புதிய இயந்திரமொன்றின் கைந்நூல் ரயரின் அமுக்கம் 100 என்று கூறுமாயின் அது கிலோபசுக்கால் என்று அறிக. இறாத்தற் கணக்கில் அது 14½ மாத்திரமே. காற்றடிக்கும் இடத்து மானியோ இறாத்தலைக் காட்டுவது. அம்மானியில் 100 வரும்வரை அடித்தால் ஏறக்குறைய ஏழு மடங்கு அமுக்கம் ஏறிவிடும். அதற்கு முன்னரே ரயர் வெடித்து அருகில் நிற்பவரைக் கொல்லவுங்கூடும். கிலோபசுக்காலை ஏழால் வகுத்தால் இறாத்தல் வரும் என்பதைக் காற்றடிக்கும் இடத்துச் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

நட்டுகளை இறுக்கும் முறுக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். பழைய நூலில் 10 கிலோகிராம்-மீற்றர் என்றிருப்பதைப் புதிய முறுக்குச்சாவியில் 10 நியூற்றன்-மீற்றர் என்று வைத்து இறுக்கினால், நட்டுக்கு உரிய இறுக்கத்திற் பத்திலொன்றே கிடைக்கும். அங்கே 98 என்றே வைத்தல் வேண்டும். இறாத்தல்-அடியாயின் 1.36 ஆற் பெருக்குக.

எருதுகொண்டு உழுவோர் இன்று குறைந்துவிட்டனர். ஆயினும் எஞ்சியுள்ளோர்க்கும் ஒரு கணக்குண்டு. எருது நாள்முழுதும் களைப்பின்றி இழுக்கக்கூடிய விசை அதன் நிறையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. ஒவ்வொன்றும் 300 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு எருதுகள் பூட்டிய ஏர், 60 கிலோகிராம் விசையை, அதாவது ஏறத்தாழ 600 நியூற்றனைத் தரும். அந்தர்க் கணக்கில் அஃது ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நடக்குமாயின் அதன் வலு 600 வாற்று. ஒரு பரிவலுவில் ஐந்தில் நான்கு பங்கு. இதனோடு ஒப்பிட்டு இரண்டுசில்லு உழவு இயந்திரத்தை மதிப்பிட முயல்வோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் விற்போர் பரிவலுவைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர்; இழுவிசையைக் கூறுவதேயில்லை. சேற்றிற் சில்லு வழுக்கும்போது பரிவலு எத்தனையாயினும் கலப்பைக்குப் போய்ச் சேர்வது இழுவிசையே. அதனை அறியாது இயந்திரம் வாங்குதல், பல்லைப் பாராது மாடு வாங்குதல் போன்றது என்பது என் எண்ணம்.

அலகு மாறிய பிழை படிப்பில்லாதவர்க்கே நேரும் என்று எவரேனும் எண்ணினால் ஒரு செய்தியை இங்கு கூறுதல் தகும். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசெம்பரிற் செவ்வாய்க் கிரகத்தை நோக்கி ஒரு விண்கலத்தை அனுப்பியது. அதன் சிறு எந்திரங்கள் தந்த கணத்தாக்கை ஒரு சாரார் இறாத்தல்-வினாடியிற் கணித்துக் கொடுத்தனர். மறுசாரார் அவ்வெண்களை நியூற்றன்-வினாடி என்று எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு கணக்கும் 4.45 மடங்கு பிழைத்தது. 1999 செத்தெம்பர் 23 ஆந் திகதி அக்கலம் உரிய உயரத்துக்கு வெகு கீழாகச் சென்று இழக்கப்பட்டது. அவ்வெண்களைக் கணித்தவர்கள் கயிற்றுக் கடைக்காரரல்லர், விற்பன்னர்கள். எண்ணோடு அலகின் பெயரும் சேர்ந்து செல்லாதவிடத்து எவருக்கும் இது நேரும்.

ஆகவே எனது கருத்து இதுவாகும். கயிறு, சங்கிலி, பாரந்தூக்கி, பம்பி, சொட்டுக் குழாய், உழவு இயந்திரம் ஆகியவற்றை விற்போர், விசையை நியூற்றனிற் குறித்து, அதனருகே கிலோகிராம் விசையையும் அந்தரையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுதல் வேண்டும். அலகின் சுருக்கெழுத்து மட்டும் போதாது; முழுப் பெயர் வேண்டும். உறையில் இடமில்லை என்று வணிகர் சிலர் என்னிடம் கூறினர். அதே உறையிற் சிங்கத்தின் படத்துக்கும் இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடமிருக்கக் கண்டேன். எமது திணைக்களப் பிரசுரங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரே பக்கத்தில் அமுக்கத்தைப் பாரிலும் நீர் உயரத்தை அடியிலும் எழுதி, ஒன்றையொன்று மாற்றும் வழியைக் கூறாது விடுதல் எமக்கு அழகன்று. கமக்காரரும் அலகின் பெயரில்லாத எண்ணை, விலை சொல்லாத சரக்கைப்போல் எண்ணி, கேளாமல் வாங்காதிருத்தல் வேண்டும்.

விசையைத் தம் கையால் அளந்து பார்க்க விரும்புவோர்க்கு 100 கிலோகிராம் வரை காட்டும் ஒரு விற்றராசு போதும். அதில் உள்ள வில் திணிவை அறியாது. தன்னை இழுக்கும் விசையை மட்டுமே அறியும். சில விற்றராசுகளில் ஒரு புறம் கிலோகிராமும் மறுபுறம் இறாத்தலும் பொறிக்கப்பட்டிருப்பதால் மாற்றும் வேலையும் மிச்சம். அதனை ஏர்க்காலுக்கும் நுகத்துக்கும் இடையில், அல்லது களைகட்டியை இழுக்குங் கயிற்றிற் பூட்டி, பத்துப் பாகம் தூரம் நடந்து, முள் நின்ற எண்ணைக் குறியுங்கள். கொழு கூராக இருக்கும்போதும் மழுங்கியபின்னும், ஈரம் பதமான நாளிலும் நிலம் காய்ந்த நாளிலும் அளந்து ஒப்பிடுங்கள். கிலோகிராமிற் கண்ட எண்ணைப் பத்தாற் பெருக்கினால் நியூற்றன். ஐம்பதால் வகுத்தால் அந்தர். விற்றராசு இல்லாதோர் எனது காரியாலயத்தில் உள்ளதை ஒரு நாளைக்கு இரவலாகப் பெற்றுச் செல்லலாம்; கொண்டுபோவோர் பதிவேட்டிற் கையொப்பமிட்டு, மறுநாட் காலை பத்து மணிக்கு முன் திருப்பித் தருதல் வேண்டும்.